அலமாரிக்குள் கடைசி பெஞ்ச்

உலகில் இதுவரை எழுதப்பட்ட எந்த நாடகமும் பதினொரு வரிக்கு மேல் கிடையாது. மீதியெல்லாம் நடிகர்களுக்கு வேலை கொடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணக்குப் படிக்கிற ஓர் இளைஞன். நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். நண்பர்கள் சிலை வைக்காமல் 'சுருக்கு' என்று பெயர் வைத்தார்கள்.

எந்த நாடகத்தைக் கொடுத்தாலும் சுருக்கு பதினொரு வரியில் எழுதித் தருவான். பத்து வரி கதை. பதினொன்றாவது வரி எப்போதும் ஒன்றுதான்: 'கடைசியில் எல்லோரும் மன்னிக்கப்படுகிறார்கள் அல்லது சாகிறார்கள், தேர்வுக்கு இரண்டுமே சரி.' நாடகத்தைப் படித்துவிட்டா சுருக்குகிறாய் என்று ஒருமுறை யாரோ கேட்டுவிட்டார்கள். தண்ணீரின் ஆழம் பார்க்கக் குதிப்பவன் முட்டாள், கயிறு விட்டுப் பார்ப்பவன் அறிவாளி என்று பதில் சொன்னான். புத்தகத்தின் பின்னட்டையும் வேறு யாரோ எழுதிய குறிப்புகளும்தான் அவனுடைய கயிறு.

அவனுடைய துரதிர்ஷ்டம், அவன் அக்கா நாடகம் சொல்லித் தருபவள்.

ஒன்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர ஆசிரியையாக இருந்தவள், அதை விட்டுவிட்டு, பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பழைய நாடகங்களைப் படித்துக் காட்டும் கூட்டங்களைத் தொடங்கியிருந்தாள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூட்டம். பாடத்திட்ட அலுவலகம் ஆறு சனிக்கிழமை நடத்திப் பார்க்கச் சொல்லியிருந்தது. ஆறாவது கூட்டத்தை மதிப்பிட அலுவலகத்திலிருந்து ஒரு பார்வையாளர் வருவார்; அவர் சரி என்றால் வருடம் முழுக்க நடக்கும்; இல்லையென்றால் அதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது வேறொருத்தர் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் போக வழி இல்லை.

அவளுடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் வசனம் படித்தாலும் எழுந்து நின்று, வாய்விட்டுப் படிக்க வேண்டும். "உட்கார்ந்த தொண்டை பொய் சொல்லும்" என்பாள். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவரவர் அறையில் நில்லுங்கள் என்பாள். இருநூறு வீட்டில் இருநூறு பேர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு ராணி வசனம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரசிக்க மாட்டார்கள், டாக்டரைக் கூப்பிடுவார்கள் என்று சுருக்கு எச்சரித்தான். அவள் காதில் வாங்கவில்லை. அவனையே தொழில்நுட்ப உதவியாளனாக அமர்த்திக்கொண்டாள்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. அக்கா முன்னறையில் தன் லேப்டாப்பின் முன் நின்று பேசுவாள். அவன் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வருகிறவர்களை உள்ளே விட வேண்டும், நாய் குரைக்கிற வீட்டு மைக்கை அணைக்க வேண்டும். நாடகப் புத்தகம் ஒன்றையும் அவனுக்கென்று கொடுத்திருந்தாள். அது நல்ல கனமான புத்தகம். அவனுடைய லேப்டாப்புக்கு அடியில் வைத்தால் கேமரா சரியாக முகத்துக்கு நேரே வந்தது.

முதல் சனிக்கிழமை இருநூற்றுப் பதினொரு பேர் வந்தார்கள். அக்கா முதல் அங்கத்தை விளக்கிவிட்டு, கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. திரையில் இருநூற்றுப் பதினொரு கறுப்புக் கட்டங்கள். அவள் சிரித்தபடி காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் யாரோ கழற்றி மாட்டிவிட்டுப் போனது போல இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் சுருக்கு திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான். நான்காவது நிமிடத்தில் அவன் மேசை இழுப்பறையிலிருந்து தன் பழைய கைப்பேசியை எடுத்து, 'கடைசி பெஞ்ச்' என்ற பெயரில் கூட்டத்துக்குள் நுழைந்து, தன்னைத் தானே அனுமதித்து, சாட்டில் எழுதினான்: 'மிஸ், இத்தனை மந்திரி இருக்கும்போது ராணி ஏன் ஒரு வாயிற்காவலனை நம்பறாங்க?'

அவனுடைய பதினொரு வரியில் மூன்றாவது வரி, 'ராணி வாயிற்காவலனை நம்புகிறாள்' என்று மட்டும் சொன்னது. ஏன் என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

அக்கா அந்தக் கேள்விக்கு நாற்பது நிமிடம் பதில் சொன்னாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அதைப் பற்றியே பேசினாள். அந்தப் பிள்ளை வரிக்கும் வரிக்கும் நடுவில் படிக்கிறது, அப்படி ஒரு மாணவர் போதும், ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. தேள் கொட்டிய திருடனைப் போல சுருக்கு தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வாரத்துக்கு மூன்று கேள்வி. படிக்காதவனுக்குத்தான் எத்தனை சந்தேகம் வருகிறது. நான்காவது வாரம் சாட்டில் மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். 'கடைசி பெஞ்ச் கேட்டது எனக்கும் டவுட்' என்று 'மூணாவது மாடி' என்கிற ஒரு கட்டம் எழுதியது. வாய் திறந்து பேச மட்டும் ஒருவரும் வரவில்லை.

ஆறாவது சனிக்கிழமை காலை, தன் உடையை இஸ்திரி போட்டுக்கொண்டே அக்கா செய்தியைச் சொன்னாள். பார்வையாளருக்கு எழுதிய கடிதத்தில் கடைசி பெஞ்சைப் பற்றி எழுதியிருக்கிறாளாம். இன்றைக்கு மூன்றாவது அங்கத்தில் வாயிற்காவலன் வசனத்தை அந்த மாணவரே படிப்பார் என்றும் எழுதிவிட்டாளாம். அந்தப் பிள்ளையிடம் கேட்டாயா என்றான் சுருக்கு. சாட்டில் கேட்டேன், சரி என்று எழுதியதே, உனக்கு ஞாபகம் இல்லையா என்றாள்.

அவனுக்கு ஞாபகம் வந்தது. போன வாரம் அவள் 'அடுத்த வாரம் கொஞ்சம் படிக்கலாமா' என்று கேட்டபோது, பேச்சை முடிப்பதற்காக 'சரி மிஸ்' என்று தட்டியிருந்தான்.



உடனே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்திருந்தாள், நல்ல சூடாக இருந்தது, தள்ளிப்போட்டான். பதினொரு மணிக்கு மறுபடி போனான். நாற்காலியை ஜன்னலுக்கு எந்தப் பக்கம் போட்டால் முகத்தில் வெளிச்சம் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு மூன்றாவது தடவை போனபோது சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்தப் பிள்ளை ஒருவேளை வரலைன்னா?"

"வரும்."

"இல்ல, நெட் கட்டாகும், உடம்பு சரியில்லாம போகும், ஆயிரம் இருக்கு."

"டேய், எங்கிட்ட காட்டறதுக்கு வேற என்னடா இருக்கு? இருநூறு கறுப்புக் கட்டமா? அது ஒண்ணுதான் இருக்கு. வாயைக் கழுவு."

அவன் போய் உண்மையிலேயே வாயைக் கழுவினான்.

பிறகு தன் கல்லூரி நண்பனுக்குப் போன் செய்தான். ஆறடி இரண்டு அங்குலம் என்பதால் அவனுக்கு நெட்டை என்று பெயர். நாலு மணிக்குக் கடைசி பெஞ்ச்சாக வந்து வசனம் படிக்க வேண்டும் என்று கெஞ்சினான். நெட்டை பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த நாடகம் என்றான். சுருக்கு சொன்னான். "அதுல நீ எனக்குக் கொடுத்த பதினொரு வரிதான்டா இருக்கு. அதுல வசனமே இல்லையே. கடைசி வரியைப் படிச்சிடவா?" என்று சொல்லி, அரை நிமிடம் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஆக, கடைசி பெஞ்சின் குரலுக்கும் அவனேதான் கதி. ஆனால் அவன் குரலை அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து வாரமாக 'மைக்கை அணைங்க' என்று அதட்டிய குரல். கண்ணாடி முன் நின்று பதினாறு வயதுக் குரலில் பேசிப் பார்த்தான். சளி பிடித்த ஆடு போல இருந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துப் பார்த்தான். அதே ஆடு, மூட்டைக்குள். பரவாயில்லை, ஆட்டை யாருக்கும் அடையாளம் தெரியாது.

அடுத்த சிக்கல், முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கதவு. இங்கே பேசினால் அங்கே கேட்கும். அறையைச் சுற்றிப் பார்த்தான். துணி அலமாரி இருந்தது. குளிர்காலத்துக் கோட்டுகள் நிறைந்த, சத்தத்தை விழுங்குகிற அலமாரி. உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் தாடையில் இடித்தது; மற்றபடி வசதிதான். படிக்க வேண்டிய பகுதியை அக்கா எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். இரண்டு பக்கம். அதில் காவலனின் முதல் வரியை மட்டும் சொல்லிப் பார்த்தான். மிச்சமும் அதே மாதிரிதான் இருக்கும் என்று முடிவு செய்தான். சாகிற நேரத்திலும் கொள்கையை விடாத உறுதி சில பேருக்குத்தான் வாய்க்கும்.

நான்கு மணிக்குக் கூட்டம் நிறைந்தது. பார்வையாளர் வந்தார். ஒரு மின்விசிறி முதலில் தெரிந்தது, பிறகு தரையில் ஒட்டிய கூரை, பிறகு தலைகீழாக ஒரு மூக்குக் கண்ணாடி. அக்காவின் கண்கள் ஒரு கணம் பதறின. சுருக்கு சட்டென்று தன் மைக்கையும் கேமராவையும் போட்டு, "சார், உங்க கைப்பேசியைத் திருப்பிப் பிடிங்க. இல்ல சார், அந்தப் பக்கம்" என்று மூன்று நிமிடம் வழிகாட்டினான். பார்வையாளர் நிமிர்ந்தார். கூட்டம் தொடங்கியது. அக்கா மூன்றாவது அங்கத்தின் சூழ்நிலையைச் சொன்னாள்: நகரம் முற்றுகையில் இருக்கிறது, கோட்டைக்கு வெளியே ஒரு வீரன் தனியாகப் போரிடுகிறான், வாயிற்காவலன் தினமும் அவனைப் பற்றிச் செய்தி கொண்டு வருகிறான், அந்தச் செய்தியில்தான் ஊரே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"இப்ப காவலனைக் கூப்பிடப் போறோம்" என்றாள். "கடைசி பெஞ்ச், தயாரா?"

சுருக்கு கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு அலமாரிக்குள் பாய்ந்து கதவை இழுத்துச் சாத்தினான். இருட்டு. கோட்டு வாசனை. கைக்குட்டையை வாயில் வைத்தான், மைக்கைத் தொட்டான்.

ராணியின் முதல் வரியை அக்கா படித்தாள். "உன் வீரனை அழைத்து வா. இந்தக் கோட்டையின் சாவியை அவன் கையில் கொடுக்க வேண்டும்."

"அவனுக்குக் காயம், தாயே" என்றது ஆடு.

அவனுக்குக் காயம் தாயே காயம் தாயே தாயே தாயே என்றது வீடு. பின்னறை லேப்டாப்பிலிருந்து அவன் குரல் வெளியே வந்து, அதே லேப்டாப்புக்குள் திரும்பிப் போய், மறுபடி வந்து, கடைசியில் ரயில் ஊதல் போல ஒரு நீண்ட கீச்சொலியாகி நின்றது. நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் மற்றவர் மைக்கையெல்லாம் ஐந்து வாரமாக அணைத்தது. பார்வையாளரை நிமிர்த்தி வைத்த பிறகு தன்னுடையதை அணைக்க மறந்துவிட்டது.

கைப்பேசித் திரையைப் பார்த்தான். பேசுகிறவரைச் சுற்றி வரும் மஞ்சள் கோடு இரண்டு கட்டங்களைச் சுற்றி ஒன்றாக மின்னியது. ஒன்று, 'கடைசி பெஞ்ச்'. மற்றொன்று, 'தொழில்நுட்ப உதவி'. அந்த இரண்டாவது கட்டத்தில் கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. காலி நாற்காலி தெரிந்தது. அதற்குப் பின்னால் ஓர் அலமாரி தெரிந்தது. அலமாரிக் கதவிடுக்கில் ஒரு சட்டை நுனி தெரிந்தது.

சாட்டில் ஒருவர் எழுதினார்: 'மிஸ், அலமாரி பேசுது.'

வெளியே வராமல் அங்கேயே குடியிருந்துவிட முடியுமா என்று அவன் ஒரு கணம் தீவிரமாக யோசித்தான். பிறகு கதவைத் திறந்தான். கோட்டு மாட்டுகிற கொக்கி ஒன்று காலரில் தொங்க, இருநூற்றுப் பதினொரு பேருக்கும் ஒரு பார்வையாளருக்கும் முன்னால் வெளியே வந்து நின்றான்.

திரையில் அக்காவின் முகம். கோபம் தெரிந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அந்த முகத்தில் கணக்குப் போடுகிற களைதான் இருந்தது: ஐந்து வாரம், பதிமூன்று கேள்வி, ஒன்று விடாமல். கணக்கை முடித்துவிட்டு அவள் கேமராவைப் பார்த்தாள்.

"சார், மன்னிக்கணும். கடைசி பெஞ்ச்னு மாணவர் யாரும் இல்ல. இவன் என் தம்பி. கேள்வியெல்லாம் இவன்தான் எழுதியிருக்கான். எனக்கு இப்பதான் தெரியும்."

"அப்படியா" என்றார் பார்வையாளர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப, மேடம், உங்க கூட்டத்துல நிஜமான ஆள் யாரு?"

மறுபடி அதே மௌனம். கறுப்புக் கட்டங்கள். இந்த முறை சுருக்கின் கையில் கைப்பேசி இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

மூலையில் ஒரு கட்டம் மஞ்சளானது. லிஃப்ட் நிற்கிற சத்தம், யாரோ கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், தண்ணீர் குடிக்காத குரல்.

"மிஸ், நான் மூணாவது மாடி. நான் நிஜம்தான். ராணியை நான் படிக்கட்டுமா? போன வாரத்துலேர்ந்து படிச்சுப் பார்த்துட்டு இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எழுந்து நின்னுட்டேன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆனா காவலனுக்கு ஆள் வேணும்ல" என்றாள் அந்தப் பெண். "அந்த அண்ணாவே படிக்கட்டும். அவங்க கேட்ட கேள்வியாலதான் நான் மூணாவது அங்கம் வரைக்கும் வந்தேன்."

சுருக்கு கைப்பேசியில் பக்கத்தைத் தேடினான். அவசரத்தில் எதையோ அழுத்த, அது கூட்டத்தைவிட்டே வெளியேறிவிட்டது. கடைசி பெஞ்சின் கட்டம் திரையிலிருந்து மறைந்தது. வேறு வழியில்லாமல் லேப்டாப்புக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினான். லேப்டாப் தொப்பென்று விழுந்து, கேமரா அவன் முகத்தை விட்டுச் சட்டைப் பொத்தான்களைக் காட்டத் தொடங்கியது. மேலட்டையில் ஆறு வாரச் சூட்டில் ஒரு பழுப்பு வட்டம். பக்கங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

உட்காரலாம் என்று நாற்காலியைத் தொட்டான். பிறகு அதைப் பின்னால் தள்ளிவிட்டான்.

"காயம் என்றால் நானே போகிறேன்" என்று படித்தாள் மூணாவது மாடி. குரல் இன்னும் காய்ந்துதான் இருந்தது; ஆனால் ராணிக்கும் தொண்டை காய்ந்திருக்கும்தானே என்று இருந்தது. "எந்தக் கூடாரம்? சொல்."

சுருக்கு தன் வரியைப் பார்த்தான். அது முதல் வரி மாதிரி இல்லை.

"கூடாரம் இல்லை, தாயே. வீரனும் இல்லை." மேலே போக மூச்சு போதவில்லை, நிறுத்தி, எடுத்துக்கொண்டான். "இருட்டில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன்."

அவனுடைய பதினொரு வரியில் இது எங்கேயும் இல்லை. நான்காவது வரி, 'வீரன் வெளியே போரிடுகிறான்' என்றது. ஐந்து வாரமாக அவன் அந்த இல்லாத வீரனைப் பற்றி, இல்லாத ஒரு மாணவனின் பெயரில், வாள் எந்தக் கையில் பிடிப்பான் என்றெல்லாம் கேட்டிருக்கிறான். நாடகத்தைப் படித்திருந்த அக்கா, அதையெல்லாம் எப்படி முகம் மாறாமல், அடுத்த அங்கத்தைக் கெடுத்துவிடாமல், பதில் சொன்னாள் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

"அவன் பெயரைச் சொல்லித்தான் என் மக்கள் பத்து நாள் பசி பொறுத்தார்கள்" என்றாள் ராணி. "இப்போது அவர்களிடம் நான் என்ன சொல்லட்டும்?"

"காவலன் வாயிலைப் பார்க்கிறான், பேசவில்லை" என்று சுருக்கு உணர்ச்சியோடு படித்தான்.

சின்னதாக ஒரு சிரிப்பு எங்கிருந்தோ கேட்டது. "அண்ணா" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள் அந்தப் பெண், "அடைப்புக்குள்ள இருக்கறத படிக்கக் கூடாது. செய்யணும்."

அவன் கதவைப் பார்த்தான். பேசாமல் நின்றான். ஏதாவது சொல்லி இதை முடித்துவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. முதல் சனிக்கிழமை துடித்த அதே துடிப்பு. அடக்கிக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு கேட்டது. எங்கோ ஒரு வீட்டில் நாற்காலி நகர்கிற சத்தம். யாரோ எழுந்து நிற்கிறார்கள். உதவியாளன் அந்த மைக்கை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை.

பார்வையாளர்தான் கடைசியில் தொண்டையைக் கனைத்தார். "கடைசி பெஞ்ச்னு ஒருத்தர் இல்லைன்னு நான் எழுதியாகணும், மேடம். மூணாவது மாடின்னு ஒருத்தர் இருக்காங்கன்னும் எழுதணும். ரெண்டுல எதை முதல்ல எழுதறதுன்னு எனக்குத் தெரியல. இதுக்கு நாலாவது அங்கம் இருக்கில்லையா? அடுத்த சனிக்கிழமை அதையும் நடத்துங்க. கேட்டுட்டு எழுதறேன்." போகும்போது அவர் படம் மறுபடி தலைகீழானது. இந்த முறை யாரும் வழிகாட்டவில்லை.

அக்கா அன்றைக்கு அவனோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. இஸ்திரி போட்ட உடை கொடியில் அப்படியே தொங்கியது. திங்கட்கிழமை காலை வெளியே கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "நாலாவது அங்கத்துல காவலனுக்குத்தான் வசனம் அதிகம். கேள்வி கேக்கறதா இருந்தா உன் பேர்ல கேளு."

அவள் படியிறங்கும் சத்தம் முழுதாக அடங்குகிறவரை சுருக்கு காத்திருந்தான். நெட்டையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: புதிதாக ஒரு நாடகம் பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள், பதினொரு வரி உடனே தேவை. பதில் எழுதாமல் கைப்பேசியை அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவில் வைத்தான். ஜன்னலைச் சாத்தினான். பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்து ஒரு கணம் தயங்கினான்.

பிறகு புத்தகத்தை எடுத்து, ஒட்டியிருந்த முதல் பக்கத்தை நகத்தால் மெல்லப் பிரித்து, சுவருக்கு எதிரே எழுந்து நின்று, முதல் அங்கத்தின் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினான். அடைப்புக்குறி வந்த இடங்களில் படிக்காமல் நின்றான்.